படம் ஒரு காலத்தில், விமர்சனம் ஒரு காலத்தில்

கேள்வி இது: "சுயாதீனத் தமிழ்ப் படங்களைப் பற்றிப் பல வருடங்களாக எழுதிவருகிறீர்கள். திரும்பிப் பார்த்தால் என்ன தோன்றுகிறது? விமர்சனத்தால் அந்தப் படங்களுக்கு ஏதாவது நன்மை நடந்ததா? சின்னப் படம் என்பதற்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து எழுதலாமா? நானும் எழுத ஆசைப்படுகிறேன், எங்கிருந்து தொடங்குவது?"

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

வெள்ளிக்கிழமை படம் வருகிறது. அன்று மாலையோ மறுநாள் காலையோ விமர்சனம் வருகிறது. அதைப் படித்துவிட்டு வாசகர் சனி, ஞாயிறில் தியேட்டருக்குப் போகிறார், அல்லது போகாமல் தப்பிக்கிறார். பெரிய படங்களுக்கு விமர்சனம் இப்படித்தான் வேலை செய்கிறது. பெரும்பாலும் பெரிய கம்பெனிகளின் பின்புலம் இல்லாமல் எடுக்கப்படும் சுயாதீனப் படத்துக்கு இந்தக் கணக்கு பொருந்துவதே இல்லை. நான் பார்க்கிறபோது வாசகருக்குப் படம் கிடைக்காது. வாசகருக்குக் கிடைக்கிறபோது என் கட்டுரை வந்த இதழ் பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும். இத்தனை காலம் எழுதியதில் என்னை அதிகம் படுத்திய விஷயம் இதுதான். படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்வதெல்லாம் இதோடு பார்த்தால் சுலபமான வேலை.

பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021 பிப்ரவரியில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் முதன்மை விருதான டைகர் விருதை வாங்கியது. தமிழில் அந்த விருதைப் பெற்ற முதல் படம். கொரோனா காலம் என்பதால் விழாவே இணையத்தில்தான் நடந்தது. அதே வருடம் இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கும் அனுப்பினார்கள். பேப்பரிலெல்லாம் செய்தி, படம் பார்க்காதவர்களின் வாழ்த்துகள். மதுரை மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியில் எடுத்த படம் அது. மேலூர்க்காரர் ஒருவர் அதைப் பார்க்க முடிந்தது 2023 அக்டோபர் 27ஆம் தேதி, சோனி லிவ்வில், அதுவும் சந்தா கட்டியிருந்தால். இரண்டரை வருடத்துக்கும் மேல். தியேட்டர் பக்கம் வரவே இல்லை.

இது ஏதோ ஒரு படத்தின் தலையெழுத்து என்று நினைக்க வேண்டாம். செழியனின் 'டு லெட்' 2017 நவம்பரில் கொல்கத்தா விழாவில் திரையிடப்பட்டது, 2018 ஏப்ரலில் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டது, தியேட்டருக்கு வந்ததோ 2019 பிப்ரவரியில். வசந்தின் 'சிவரஞ்சனியும் இன்னும் சில பெண்களும்' 2018இல் மும்பை விழாவில் காட்டப்பட்டு, 2021 நவம்பரில் ஓடிடிக்கு வந்தது. அசோகமித்திரன், ஆதவன், ஜெயமோகன் ஆகியோரின் கதைகளை வைத்து எடுத்த படம். அந்த இடைவெளியில் மூன்று கதைகளையும் தேடிப் படித்துவிட்டு, "படம் எப்போ சார் வரும்?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. ஏதோ பெட்டியைப் பூட்டிச் சாவியை நான் வைத்திருப்பதுபோல.

அரசும் இந்த விஷயத்தில் சளைத்ததில்லை. 2009 முதல் 2014 வரையிலான படங்களுக்கு மாநில விருதுகளை 2017இல் அறிவித்து, 2022 செப்டம்பரில்தான் மேடையில் கொடுத்தார்கள். குறைந்த செலவில் எடுத்த தரமான படங்களுக்கு ஏழு லட்ச ரூபாய் மானியம் என்று ஒரு நல்ல திட்டம் இருக்கிறது. படம் எடுத்து முடித்து, கடன்காரனுக்குப் பதில் சொல்லி, அடுத்த வேலைக்குப் போய்விட்ட பிறகு வரும் பணத்தை வைத்து யாரும் அடுத்த படத்துக்குத் திட்டம் போட முடியாது.

இந்த இடைவெளியால் விமர்சனத்துக்கு நேர்வதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதலாவது, படத்தைப் பற்றிய முதல் வார்த்தையை எழுதுகிறவர் சப்டைட்டிலைப் படித்துப் படம் பார்த்தவராக இருப்பார். விழா நடக்கும் ஊரில் இருக்கிற வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர். அவர் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பல சமயம் காட்சியமைப்பைப் பற்றி நம்மைவிட நன்றாகவே எழுதுகிறார்கள். ஆனால் அந்த முதல் வார்த்தை ஒட்டிக்கொண்டுவிடும். படம் இங்கே வரும்போது போஸ்டரில் அந்த மேற்கோள்கள், விழா முத்திரைகள். இங்குள்ள விமர்சகர் பெரும்பாலும் அதற்குத் தலையாட்டுகிறார், இல்லாவிட்டால் 'விழாப் படம்' என்று எரிச்சல்படுகிறார். இரண்டிலுமே படத்தைப் பார்த்த மாதிரி இருக்காது, படத்தைப் பற்றிய பேச்சைப் பார்த்த மாதிரிதான் இருக்கும்.

உள்ளூர் விமர்சகனுக்கு இதில் என்ன வேலை என்று யோசித்து யோசித்துக் கடைசியில் எனக்குக் கிடைத்த பதில் ரொம்பச் சாதாரணமானது. அந்த வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்களால் எழுத முடியாததை எழுதுவது. அருண் கார்த்திக்கின் 'நசீர்' 2020இல் ராட்டர்டாமில் ஆசியப் படங்களுக்கான நெட்பேக் விருது பெற்றது. கோவையில் ஒரு துணிக்கடை விற்பனையாளரின் ஒரு நாள். மனைவி ஊருக்குப் போயிருக்கிறாள், அவளுக்கு அவர் மனதுக்குள் கடிதம் எழுதுகிறார், கடையில் சேலையை எடுத்துப் போடுகிறார், மதியம் சாப்பிடுகிறார். நான்குக்கு மூன்று என்ற பழைய சதுரச் சட்டகத்துக்குள் முகமும் கையும் துணியும். ஊருக்குள் எங்கிருந்தோ ஒலிபெருக்கியில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது 'இன்றைய இந்தியாவின் சகிப்பின்மை'. சரிதான், தப்பில்லை. ஆனால் 1997 கடைசியில் கோவையில் நடந்த கலவரமும் 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பும் நினைவில் இருக்கிறவருக்கு, முஸ்லிம்கள் அதிகம் வாழும் உக்கடம், கோட்டைமேடு என்ற பெயர்களை எந்தத் தொனியில் சொல்வார்கள் என்று தெரிந்தவருக்கு, அந்த ஒலிபெருக்கி பொதுவான இந்திய ஒலிபெருக்கி கிடையாது. அந்தத் தெருவில் அது ஏற்கனவே ஒருமுறை ஒலித்து முடித்தது. படத்துக்கு மூலம் திலீப்குமாரின் 'ஒரு குமாஸ்தாவின் கதை'. குஜராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட, கோவையில் பிறந்த ஒரு தமிழ் எழுத்தாளர், துணிக்கடைப் பையனை எப்படிப் பார்த்திருக்கிறார், இயக்குநர் அதில் எதை எடுத்துக்கொண்டு எதை விட்டிருக்கிறார் என்பதெல்லாம் இங்கிருந்துதான் எழுத முடியும்.

'கொட்டுக்காளி'யில் சூரி நடித்த பாண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கும். கழுத்தில் சுண்ணாம்பு தடவியிருப்பார்கள். படம் முழுக்க அவர் அந்தக் கரகரத்த குரலில்தான் கத்துகிறார். தென் மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த வெள்ளைத் தீற்றலைப் பார்த்ததுமே ஆள் யார், வீடு எப்படி, முந்தின நாள் எவ்வளவு கூச்சல் நடந்திருக்கும் என்று ஒரு கதை ஓடிவிடும். சப்டைட்டிலில் சுண்ணாம்புக்கு இடமில்லை. வேறு சாதிப் பையனைக் காதலித்த பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டி, குடும்பமே ஆட்டோவிலும் பைக்கிலும் சாமியாரிடம் கிளம்புகிறது. வழியில் ஒரு காளை மறித்து நிற்கும். இத்தனை வீராப்பு பேசிய ஆம்பளைகள் எல்லாம் தயங்கி நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து அதை ஓட்டிக்கொண்டு போவாள். அந்தக் காட்சிக்குத் தியேட்டரில் சிரித்தார்கள். மாட்டை அடக்குவதை ஆண்மைக்கு அளவுகோலாக வைத்திருக்கிற மண்ணில் அந்தச் சிரிப்பு எங்கே போய்க் குத்துகிறது என்று எழுதுவதற்குச் சினிமா இலக்கணம் தேவையில்லை, ஊர் தெரிய வேண்டும்.

'சேத்துமான்' இன்னொன்று. பெருமாள்முருகனின் 'வறுகறி' சிறுகதையை வைத்து, தமிழ் என்ற பெயருள்ள இயக்குநர் எடுத்த படம். பன்றிக்கறி மேல் ஆசைப்படும் பண்ணையார், அதைச் சமைத்துத் தர அவர் கூப்பிடும் மனிதர், அந்த மனிதரின் பேரன். பின்னணியில் ராம்நாத் கோவிந்த் குடியரசுத் தலைவராகும் செய்தி ஓடுகிறது. கொங்குப் பகுதியில் யார் வீட்டில் எது சமைக்கலாம், எதை யாருக்கும் தெரியாமல் தோட்டத்தில் வைத்துத்தான் தின்னலாம் என்ற சட்டதிட்டம் தெரியாமல் அந்தப் படத்தைப் பார்த்தால் அது வெறும் கறி விருந்தாகிவிடும்.

இரண்டாவது விளைவு விட்டுக்கொடுப்பது. நீங்கள் கேட்டதும் அதுதான்.

வாசகர் பார்க்க முடியாத படத்தைப் பற்றி எழுதும்போது எழுதுகிறவரை யாரும் சரிபார்க்க முடியாது. அங்கேதான் பாராட்டு ஊதிப் பெருகுகிறது. பெரிய நடிகர் படத்தை வானளாவப் புகழ்ந்தால் மறுநாளே நூறு பேர் காசைத் திருப்பிக் கேட்பார்கள். விழாவில் மட்டும் ஓடிய படத்தை 'தமிழ் சினிமாவின் மைல்கல்' என்று எழுதினால் கேட்க நாதியில்லை. நமக்கும் நல்லவன் என்ற பெயர். பிரிவியூ தியேட்டரில் படம் முடிந்து கதவைத் திறந்தால் வாசலில் இயக்குநர் நிற்பார். பெரிய படத்தில் பி.ஆர்.ஓ. நிற்பார், அவரிடம் சிரித்துக்கொண்டே நழுவிவிடலாம். இங்கே நிற்கிறவர் நகையை வைத்துப் படம் எடுத்தவர். இரண்டு கையாலும் நம் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படி சார் இருந்துச்சு?" என்பார். கூடவே அவர் மனைவி நிற்பார், ஒரு குழந்தை தூங்கி வழிந்துகொண்டிருக்கும். அந்த இடத்தில் "இரண்டாம் பாதி தொங்குது" என்று சொல்ல எவனுக்கு வாய் வரும்? "நல்ல முயற்சி சார்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்குவோம். சிக்கல் எங்கே என்றால், வாசலில் சொன்ன அதே இரண்டு வார்த்தை மறுநாள் அச்சிலும் வந்துவிடுகிறது.

'நல்ல முயற்சி' என்று படித்துவிட்டு யாரும் டிக்கெட் வாங்கியதாக எனக்குத் தெரியாது. அது அனுதாப வாக்கியம் என்று வாசகருக்கு நன்றாகத் தெரியும். அப்படி நாலு படத்தை எழுதியபின் ஐந்தாவதாக உண்மையிலேயே அபாரமான படம் வந்து, 'அவசியம் பாருங்கள்' என்று எழுதினால், அதையும் அதே கணக்கில்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே என் பதில்: விட்டுக்கொடுக்காதீர்கள். ஆனால் பெரிய படத்தைத் திட்டுகிற தோரணையிலும் திட்டாதீர்கள். கிண்டலுக்கு அங்கே இடமே இல்லை, ஏனென்றால் கிண்டலைத் தாங்குகிற பணமும் பட்டாளமும் அந்தப் பக்கம் கிடையாது. குறையைக் காட்சியோடு சொல்லுங்கள். 'டு லெட்', வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்ட ஒரு குடும்பத்தின் கதை, எனக்கு மிகவும் பிடித்த படம். பின்னணி இசையே இல்லாமல், தெருச் சத்தத்தையும் பாத்திரச் சத்தத்தையும் வைத்தே அந்த வீட்டுக்குள் நம்மைக் குடிவைத்துவிடுகிறது. சுவரில் பையன் கிறுக்கிய படங்களைப் பார்க்கும்போதெல்லாம் வீட்டைக் காலி செய்யும்போது அதற்கு என்ன பதில் சொல்லப்போகிறார்கள் என்று வயிறு கலங்கும். ஆனாலும் வீட்டுக்கார அம்மாவை ஒரே சுரத்தில் வில்லியாக நிறுத்தியிருப்பது அந்தப் படத்தின் பலவீனம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். 2007வாக்கில் ஐடி சம்பளம் வந்து சென்னையின் வாடகையை ஏற்றிவிட்டதில் அவர் ஒரு சின்னக் கண்ணி. கோபமெல்லாம் அந்தக் கண்ணியின் மேலேயே இறங்கிவிட்டதால் சங்கிலி கண்ணில் படவில்லை. 'மேற்குத் தொடர்ச்சி மலை'யின் முதல் பாதியில் சுமை தூக்கும் தொழிலாளி ரங்கசாமியோடு நாமும் மூட்டை தூக்கி மலையேறுகிறோம், வழியில் பார்க்கிற ஒவ்வொருவரிடமும் நின்று பேசுகிறோம், நேரம் போவதே தெரியாது. இரண்டாம் பாதியில் கட்சியும் சங்கமும் வந்ததும் படத்துக்குக் கால் வேகமெடுத்துவிடுகிறது. இப்படி எழுதினால் இயக்குநருக்கு வருத்தம் இருக்கும். படிக்கிறவருக்குப் படத்தைப் பார்க்கத் தோன்றும். எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

இன்னும் ஒன்று. சின்னப் படங்களுக்கு என்று ஒரு வாய்ப்பாடு உருவாகிவிட்டது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வெயில், வறண்ட நிலம், நீண்ட ஷாட்டில் நடந்து போகும் மனிதர், பேசாத குழந்தை, முடிவில்லாத முடிவு. 'கூழாங்கல்'லில் அப்பாவும் மகனும் வெயிலில் நடப்பதற்குக் காரணம் இருக்கிறது: பஸ்ஸுக்கு வைத்திருந்த காசைப் பையன் கிழித்துப்போடுகிறான், வேறு வழியில்லாமல் நடக்கிறார்கள். நடை அவனுடைய எதிர்ப்பு. வாயில் போட்டு ஊறவைத்த கல்லை வீட்டுக்கு வந்து அவன் வைக்கும் இடத்தில் ஏற்கனவே ஒரு குவியல் கிடக்கிறது. எத்தனை நடை நடந்திருக்கிறான் என்று அந்த ஒரு ஷாட்டில் தெரிந்துவிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு வந்த படங்களில் சும்மாவே நடக்கிறார்கள். கேமரா பின்னாலேயே போகிறது, நானும் போகிறேன், எங்கும் போய்ச் சேர்ந்தபாடில்லை.

இந்தக் காலக் கோளாறு நம் தலைமுறையில் தொடங்கியது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமின் 'அக்ரஹாரத்தில் கழுதை' 1977க்கான சிறந்த தமிழ்ப் படமாக தேசிய விருது வாங்கியது. விமர்சகர் வெங்கட் சாமிநாதன் எழுதி, இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் பேராசிரியராக நடித்த படம். இங்கே வெகுஜனப் பத்திரிகைகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பின்னர் தூர்தர்ஷனில் ஒளிபரப்புவதாக அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவிட்டார்கள். அதைப் பற்றிச் சிறுபத்திரிகைகளில் படித்தவர்கள் நிறைய, பார்த்தவர்கள் கொஞ்சம். ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' 1978 தீபாவளிக்கு வந்தது. கமல், ரஜினி, ஸ்ரீபிரியா, இளையராஜா என்று எல்லோரும் இருந்தும் ஆரம்பத்தில் ஓடவில்லை. வங்க இயக்குநர் மிருணாள் சென் பார்த்துவிட்டுப் புகழ்ந்தார், பாரதிராஜா புகழ்ந்தார், அதற்குப் பிறகுதான் கூட்டம் வந்தது என்பார்கள். இன்றைக்கு அதைக் கொண்டாடாத ஆள் இல்லை. ருத்ரய்யா அதற்குப் பிறகு எடுத்தது ஒரே ஒரு படம்தான், 'கிராமத்து அத்தியாயம்'. 2014இல் இறந்துபோனார். புகழ் சேர்ந்துகொண்டே இருந்தது, படம் எடுக்கிற வாய்ப்புதான் வரவில்லை.

என் வயதுக்காரர்களுக்கு அப்போது இருந்த ஒரே வாசல் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணி தூர்தர்ஷன். மாநில மொழி விருதுப் படங்களை ஆங்கில சப்டைட்டிலோடு போடுவார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு வீடே தூங்கும், நாம் மட்டும் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு வங்காளப் படமோ மலையாளப் படமோ பார்த்துக்கொண்டிருப்போம். ஹரிஹரனின் 'ஏழாவது மனிதன்' மாதிரி படங்களைத் தியேட்டரில் தவறவிட்டவர்கள் இப்படித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அப்புறம் ஃபிலிம் சொசைட்டிகள். ரஷ்யக் கலாச்சார மையம், அலியான்ஸ் பிரான்சேஸ், மாக்ஸ் முல்லர் பவன் என்று அலைந்த சென்னைக்காரர்கள் ஒரு பக்கம், கோவையில் 'கோணங்கள்' மாதிரி ஊர் ஊருக்குத் தாங்களே சங்கம் வைத்துப் படம் போட்டவர்கள் ஒரு பக்கம். 2003இலிருந்து சென்னை சர்வதேசத் திரைப்பட விழா. 'நிழல்', 'காட்சிப்பிழை', 'படச்சுருள்' என்று சினிமாப் பத்திரிகைகள். தமிழ் ஸ்டுடியோ என்ற அமைப்பு நடத்திய திரையிடல்கள். திரையிடல் முடிந்ததும் கலந்துரையாடல் என்று ஒன்று நடக்கும். முதல் கேள்வி எப்போதும், "இந்தப் படத்தின் மூலம் சமுதாயத்துக்கு என்ன சொல்ல வருகிறீர்கள்?" என்பதாகவே இருக்கும். இயக்குநர் மைக்கைக் கை மாற்றிக்கொள்வார். ஆனால் நையாண்டியை விட்டுவிட்டுச் சொல்கிறேன், அந்த அறைகளில்தான் விமர்சனமும் படமும் ஒரே நேரத்தில் இருந்தன. பேசுகிறவரும் கேட்கிறவரும் ஒரே படத்தை, ஐந்து நிமிடம் முன்னால் பார்த்தவர்கள். யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. நான் அச்சில் எழுதியதில் பாதி, அங்கே யாரோ பின் வரிசையிலிருந்து எழுந்து கேட்டதற்குப் பதில் யோசித்ததில் வந்தது.

ஜான் ஆபிரகாம் இதைக் கேரளத்தில் இன்னொரு கோடிக்குக் கொண்டுபோனார். ஒடேசா என்ற கூட்டியக்கம், ஊர் ஊராகப் போய் மக்களிடம் காசு திரட்டி 'அம்மா அறியான்' (1986) எடுத்து, அதே மாதிரி ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். விநியோகஸ்தர் என்ற ஆளையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். தமிழில் அந்த அளவுக்கு யாரும் போகவில்லை என்பது எனக்கு இன்றுவரை உள்ள ஆதங்கம்.

தியேட்டர் வெளியீடு என்று எடுத்துக்கொண்டால், சின்னப் படத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் மல்டிபிளெக்ஸில் மதியம் ஒரு காட்சி. டிஜிட்டல் புரொஜெக்டர் வந்த காலத்தில் அந்தச் செலவை ஈடுகட்டத் தற்காலிகமாக என்று தொடங்கிய வி.பி.எஃப். (விர்ச்சுவல் பிரின்ட் ஃபீ) கட்டணத்தைத் தயாரிப்பாளர்தான் கட்ட வேண்டும். இதை எதிர்த்துத்தான் 2018 மார்ச்சிலிருந்து ஏப்ரல் பாதிவரை புதுப் படமே வராமல் ஸ்ட்ரைக் நடந்தது. கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் கட்ட வேண்டிய காசு அது. பத்துப் பேர் வராவிட்டால் காட்சியை ரத்து செய்வது தியேட்டர்காரரின் உரிமை. வெள்ளிக்கிழமை வேலை நாளில் மதியம் பன்னிரண்டு மணிக்கு யார் வருவார்கள்? சனிக்கிழமை வரலாம் என்று நினைத்திருந்தவர் போய்ப் பார்த்தால் அந்த ஸ்கிரீனில் வேறு படம் ஓடும். 2024 கடைசியில் தயாரிப்பாளர் தரப்பிலிருந்து, படம் வெளியாகி முதல் மூன்று நாளைக்கு விமர்சனமே வரக் கூடாது என்று தடை கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்கவில்லை. விதித்திருந்தால், நான் எழுதுகிற வகைப் படங்களில் பாதிக்கு விமர்சனம் வருவதற்குள் கருமாதி முடிந்திருக்கும்.

'கொட்டுக்காளி' 2024 ஆகஸ்ட் 23ஆம் தேதி மாரி செல்வராஜின் 'வாழை'யோடு ஒரே நாளில் வந்தது. பெர்லின் போய் வந்த படம், சிவகார்த்திகேயன் தயாரிப்பு, சூரி கதாநாயகன். சூரிக்காக வந்தவர்கள் 'விடுதலை' மாதிரி எதிர்பார்த்து வந்தார்கள். படம் கேள்வியோடு நிற்கிற இடத்தில் விளக்கு போட்டதும், "அவ்வளவுதானா?" என்று எழுந்த குரல் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. இதையெல்லாம் தியேட்டருக்குக் கொண்டுவந்திருக்கவே கூடாது என்று சினிமாக்காரர்கள் தரப்பிலிருந்தே பேச்சு வந்தது. நான் அதை ஏற்கவில்லை. அந்த ஆட்டோ ஊர்வலத்தின் சத்தம், இசையே இல்லாத அந்த நீளமான மௌனம், இதெல்லாம் செல்போனில் பார்க்கிற சமாச்சாரம் இல்லை. "அவ்வளவுதானா?" என்று கத்தியவர் கோபத்தோடுதான் வீட்டுக்குப் போனார், ஆனால் படத்தையும் கூட்டிக்கொண்டு போனார். வீட்டு சோபாவில் அந்தக் கோபம் வராது, ரிமோட்தான் கைக்கு வரும்.

ஓடிடி வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினோம். பாதி சரியானது. 'கடைசி விவசாயி' தியேட்டரைவிட வீடுகளில்தான் அதிகம் பேசப்பட்டது. நடிப்பே தொழிலாக இல்லாத நல்லாண்டி தாத்தாவை, அவர் இறந்த பிறகு, ஊரே தெரிந்துகொண்டது. ஆனால் ஓடிடியில் வெளியீட்டு நாள் என்பதற்கு அர்த்தம் கிடையாது. படம் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதால் எப்போதும் பார்க்கப்படுவதில்லை. பெரிய நட்சத்திரங்களின் படங்களுக்குக் கீழே எங்கோ ஒரு வரிசையில் கிடக்கும், பெயரைத் தட்டித் தேடினால்தான் வரும். பெயர் தெரிந்தால்தானே தட்டுவார்? விமர்சகனுக்கு மறுபடி வேலை வந்தது இங்கேதான் என்று நினைக்கிறேன். 'நசீர்' பற்றி நான் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, கட்டுரை வந்து வெகுநாள் கழித்து எங்கோ படத்தைப் பார்த்துவிட்டு எழுதியவை. விமர்சனத்தால் நன்மை நடந்ததா என்று கேட்டீர்களே, நடந்தது என்றால் இந்த மாதிரிதான். வெள்ளிக்கிழமை வசூலில் ஒரு ரூபாய்கூட என்னால் ஏறியிருக்காது.

தணிக்கையைப் பற்றியும் ஒரு வரி. லீனா மணிமேகலையின் 'செங்கடல்' படத்துக்குத் தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்தபோது மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய் 2011இல் அனுமதி வாங்கினார். 2021 ஏப்ரலில் அந்தத் தீர்ப்பாயத்தையே கலைத்துவிட்டார்கள். இனி உயர் நீதிமன்றம்தான். வக்கீல் பீஸ் கொடுக்க முடியாத இயக்குநர் படப்பிடிப்புக்கு முன்பே தன் கதையில் தானே கத்தரி போட்டுக்கொள்வார், அதைப் பற்றி எழுத நமக்கு ஆதாரம்கூடக் கிடைக்காது.

வருமானம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் விரிவாகச் சொல்லப்போவதில்லை. வேறு வேலை ஒன்று கையில் இருக்கட்டும்.

எங்கிருந்து தொடங்குவது? புதுப் படத்திலிருந்து தொடங்காதீர்கள். வெள்ளிக்கிழமை ஓட்டத்தில் நீங்கள் சொல்வதையேதான் இன்னும் ஐம்பது பேர் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இப்போது பார்க்கக் கிடைக்கிற, வந்து சில வருடமான ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஊரில், உங்களுக்குப் பழக்கமான பேச்சில் எடுத்த படமாக இருந்தால் நல்லது. மூலக்கதை இருந்தால் அதைப் படித்துவிடுங்கள். நட்சத்திரம் போடாதீர்கள். கருத்துக்கு முன்னால், திரையில் என்ன இருக்கிறது என்பதை எழுதுங்கள்: யார் எங்கே நிற்கிறார்கள், என்ன சத்தம் கேட்கிறது, ஷாட் எப்போது வெட்டப்படுகிறது. இதை நான் வற்புறுத்திச் சொல்லக் காரணம், பழைய சுயாதீனப் படங்கள் பலவற்றுக்கு நல்ல பிரதி கிடைப்பதில்லை. யூடியூபில் வெளிறிப்போன ஒரு நகல் இருந்தாலே அதிர்ஷ்டம். அவற்றைப் பற்றி அன்றைக்கு எழுதியவர்களின் கட்டுரைகளைத் தேடி எடுத்துப் பார்த்தால், 'உலகத் தரம்', 'யதார்த்தத்தின் உச்சம்' என்று பக்கம் பக்கமாக இருக்கும், படத்தில் ஒரு காட்சி எப்படி இருந்தது என்று ஒரு வரி இருக்காது. கதைச் சுருக்கம் எழுதினவரை நாம் கேலி செய்வோம். பிரதி தொலைந்த படத்தைத் தேடும்போது அவர் ஒருவர்தான் கைகொடுப்பார்.

முதலில் 'கூழாங்கல்' பாருங்கள், எழுபத்தைந்து நிமிடம்தான். ஒருமுறை சும்மா பாருங்கள். இரண்டாம் முறை பெண்கள் வருகிற இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: பஸ்ஸில் வருகிறவர்கள், எலி பிடித்துச் சுட்டுத் தின்னும் குடும்பம், கடைசியில் ஊற்றில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மொள்கிறவர்கள். அப்பா மகன் கதை என்று எல்லோரும் எழுதிய படம் அது. உங்கள் குறிப்பை அதோடு ஒப்பிட்டுவிட்டு எழுத உட்காருங்கள். எழுதியதை எனக்கு அனுப்பினால் படிக்கிறேன், பதில் வரக் கொஞ்சம் நாளாகும்.